புதுப் புல்வெட்டும் மெசின் இந்தத் தரத்திலா வரும்?

2024 ஜூன் 9

கந்தப்பளை, இராகலை, நானுஓயாப் பக்கம் அண்மையில் புல்வெட்டும் மெசின் வாங்கியவர்கள் இருந்தால் ஒரு கேள்வி. புது மெசின்கள் இப்போது இந்தத் தரத்தில்தான் வருகின்றனவா?

மே 11ஆம் திகதி டவுனில் ஒரு கடையில் 38,500 ரூபா கொடுத்து எடுத்தோம். அம்மாவுக்கு விழுந்த சீட்டுக் காசு அது. சிவப்பு டேங்கி, பக்கத்தில் பெரிய எழுத்தில் என்ஜின் அளவு 52 சிசி என்று ஸ்டிக்கர், தோள் பெல்ட், மூன்று பல் பிளேட், நைலோன் நூல் ஹெட் எல்லாம் பெட்டியோடு வந்தன. அண்ணனும் நானும் கொந்தரப்புக்கு, அதாவது வேலையைப் பேசி எடுத்து, புல் வெட்டுகிறவர்கள். ரோட்டோரம், பாடசாலை மைதானம், மரக்கறித் தோட்ட வரம்பு, சிலவேளை தோட்டத்தில் கைவிடப்பட்ட மலை. இதுவரை வாடகை மெசின்தான். சொந்தமாக ஒன்று இருந்தால் வாடகைக் காசு வீட்டில் நிற்கும் என்று வாங்கினோம்.

முதல் கிழமையிலேயே கைப்பிடியைப் பிடித்திருக்கிற ஆணிகள் கழன்றன. இறுக்கினால் ஒன்றின் புரி அலுமினியத்தையும் சுரண்டிக்கொண்டு ஸ்பேனரோடு வந்துவிட்டது. வரம்புப் புல் வெட்டுகிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். மானாப் புல்லின் அடியில் பிளேட்டை வைத்தால் என்ஜின் அமுங்குகிறது. முனையில் இருக்கும் கியர்ப் பெட்டி கை வைக்க முடியாத சூடு.

கடையில் கேட்டதற்கு, "ஓட ஓடச் சரியாகும் தம்பி" என்றார்கள். புது என்ஜின் பிஸ்டன் ரிங் படிய சில டேங்கி ஓட வேண்டும், அது எனக்கும் தெரியும். அந்த அளவு ஓடி முடிந்துவிட்டது. ஆணி கழல்வதற்கும் ரிங் படிவதற்கும் என்ன சம்பந்தம்?

இது மலை உயரத்தால் வருகிறதா, மெசினே இப்படித்தானா?

2024 ஜூன் 9, இரவு

எல்லோரும் ஒயில் கலவையையே கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு உள்ளே தனியாக ஒயில் கிடையாது, பெற்றோலில் கலந்து போகிற ஒயில்தான் எல்லாவற்றையும் வழுக்க வைக்கிறது. மெசினோடு வந்த கார்டில் போட்டிருப்பது பெற்றோல் 25க்கு ஒயில் 1. அதாவது ஒரு லீட்டருக்கு 40 மில்லி. மருந்துக் கடைச் சிரிஞ்சால் அளந்துதான் விடுகிறோம். பெற்றோல் 92 ஒக்டேன், வேலைக்குப் போகிற நாளில் அடிப்பது. கண்மட்டத்தில் ஊற்றுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அண்ணன் அந்த விஷயத்தில் பொல்லாதவர்.

2024 ஜூன் 12

பண்டாரவளை அண்ணன் எழுதியதை வைத்துப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். முனை முழுக்கக் கரி, ஈரமான கறுப்பு. அவர் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. நுவரெலியா 1868 மீட்டர், எங்கள் பக்கமும் ஏறக்குறைய அதே உயரம். கடலோரத்தை விட இங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தால் என்ஜினின் பலமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறையும். காற்றோடு பெற்றோலைக் கலந்து கொடுக்கிற காபரேட்டருக்கு அது தெரியாது, கீழே கொழும்பில் கொடுக்கிற அதே பெற்றோலைத்தான் இங்கேயும் கொடுக்கும். எரியாத மிச்சம் கரியாகப் பிளக்கில் படிகிறது.

காபரேட்டரில் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற, எச் என்று போட்டிருக்கும் ஆணியைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினேன். சத்தம் தெளிந்தது, புகையும் குறைந்தது. ஒரு எச்சரிக்கை மட்டும்: இதை ஆசைக்குத் திருப்பாதீர்கள். பெற்றோலைக் குறைத்தால் அதோடு வருகிற ஒயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கால் சுற்றுக்குள் நிறுத்திவிட்டு, வேலை செய்த பிறகு பிளக்கைப் பாருங்கள். காப்பி நிறத்துக்கு வந்தால் போதும்.

ஆனால் உயரம்தான் காரணம் என்று சொல்லி இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. நாங்கள் முன்பு வாடகைக்கு எடுத்த பழைய மெசினும் இதே உயரத்தில்தான் மானாப் புல் வெட்டியது. பெயின்ட் எல்லாம் உரிந்துபோன மெசின், அடியில் பிளேட்டை வைத்தால் அமுங்காது. ஆணி கழல்வதற்கும் கியர் சூடாவதற்கும் உயரம் காரணமாக முடியாது.

வீட்டில் அப்பாயி தேயிலைச் செடிக்குள் நின்று பார்த்துவிட்டுச் சொன்னது: "மெசினு கத்துது, புல்லு சிரிக்குது." அண்ணனுக்குக் கோபம், எனக்குச் சிரிப்பு.

2024 ஜூன் 16

விடாத மழை. வேலை இல்லை. கியர்ப் பெட்டியைத் திறந்தோம்.

தெரியாதவர்களுக்கு: என்ஜின் பின்னால், பிளேட் முன்னால். நடுவில் அலுமினியக் குழாய்க்குள் மெல்லிய இரும்புத் தண்டு ஒன்று சுற்றுகிறது. அந்தச் சுற்றைப் பிளேட்டின் பக்கம் திருப்பிவிடுவது முனையில் இருக்கும் சின்னப் பெட்டி. அதற்குள் கூம்பு வடிவில் இரண்டு கியர், சில பெயாரிங், கிறீஸ். மெசினின் வேலை முழுக்க அந்த உள்ளங்கை அளவு பெட்டி வழியாகத்தான் போகிறது.

பிளேட்டையும் வட்டத் தட்டையும் எடுத்துவிட்டு லொக் வளையத்தைக் கழற்றிக் கியரை வெளியே இழுத்தோம். பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் விரல்நுனி அளவு கிறீஸ் அப்பியிருந்தது. மற்றப் பக்கம் வெறும் உலோகம். பழைய துணியில் துடைத்தால் கிறீஸ் சாம்பல் நிறம், அதற்குள் ஜிகினா தூவியதுபோல இரும்புத் தூள் மினுங்குகிறது. சின்னக் கியரின் பற்கள் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து முனை மழுங்கிவிட்டன. பல்லின் முழு அகலமும் ஒன்றோடொன்று படாமல் நுனியில் மட்டும் பட்டுத் தேய்ந்த அடையாளம் அது. கீழ்ப் பெயாரிங்கை இரண்டு விரலால் ஆட்டினால் ஆடுகிறது. புது மெசினில்!

கிறீஸ் கம்பனியிலேயே நிரம்பி வர வேண்டியது. பிறகு 20, 25 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கத்து ஆணியைக் கழற்றிப் புதிதாக அடிக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. அந்த அளவு மணித்தியாலம் இந்த மெசின் இன்னும் ஓடவே இல்லை.

போட்டோ போட்டிருக்கிறேன். பெரிதாக்கிப் பாருங்கள், பல் தெரியும்.

2024 ஜூன் 17

பொகவந்தலாவைத் தம்பிக்கு: பிளேட் நட் கழலவில்லை என்று சுத்தியலால் அடிக்காதே. அது இடதுபுரி. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். பிளேட் சுற்றுகிற திசையில் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். தட்டில் ஒரு துளை இருக்கும், அதையும் பெட்டியில் இருக்கும் துளையையும் நேராக்கி மெசினோடு வந்த கம்பியைச் செருகிப் பிடித்துக்கொள். பிளக் வயரைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

2024 ஜூன் 23

கியரையும் பில்லையும் வொரண்டி கார்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். அம்மாவும் வந்தார், காசு அவருடையது என்பதால்.

முதலாளி கியரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். தேய்ந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. கார்டைத் திருப்பிக் கீழே சின்ன எழுத்தைக் காட்டினார். வொரண்டி என்ஜினுக்கு மட்டும். "கியர் தேய்கிற சாமான் தம்பி, அதுக்கு யாரும் வொரண்டி தர மாட்டாங்க."

பிளேட் தேயும், பிளக் தேயும், நூல் தேயும். ஒரு மாதத்தில் கியர்ப்பல் மழுங்குவது தேய்மானம் இல்லை, செய்த விதத்தில் இருக்கிற கோளாறு. இதைத்தான் சொன்னேன். அவர் பெட்டியை நாங்கள் திறந்துவிட்டோம் என்றார். கிறீஸ் அடிக்கவே திறக்க வேண்டிய பெட்டி அது, உடைக்க வேண்டிய சீல் எதுவும் அதில் கிடையாது என்று அண்ணன் சொன்னார்.

அம்மா அதிகம் பேசவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். "முதலாளி, வாங்குறப்ப என்ஜினுன்னு சொல்லியா வித்தீங்க, மெசினுன்னு சொல்லித்தானே வித்தீங்க?" அவர் புதுக் கியர்ப் பெட்டிக்கு ஒரு விலை சொன்னார். வாங்காமல் வந்துவிட்டோம். கடையின் பெயரை இங்கே கேட்காதீர்கள். இறக்குமதி செய்கிறவரிடமிருந்து எடுத்து விற்கிற சாதாரண வியாபாரி அவர், எழுதப்போவதில்லை.

2024 ஜூன் 30

"மெசின் எதுக்கு, சுரண்டி போதாதா" என்று ஒருவர் கேட்டிருந்தார். இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா காலத்தில் தோட்டத்தில் களைக்கு மருந்து அடித்தார்கள். 2015இல் கிளைபோசேட் என்ற களைமருந்தைத் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டார்கள். 2021இல் இரசாயன உரத்தையும் மருந்தையும் சேர்த்து நிறுத்தினார்கள், அந்த வருடம் முடிவதற்குள் அதையும் மாற்றினார்கள். இந்த இழுபறிக்கு நடுவில் புல் வளர்வதை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஆட்கள் குறைந்த மலைகளில் மானா இடுப்பளவு நின்றது. கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு அட்டையும் பாம்பும். புல்வெட்டும் மெசின் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு வந்தது அந்தக் காலத்தில்தான்.

சுரண்டி நல்ல கருவிதான், மட்டமான நிலத்தில். எங்கள் சரிவில் சுரண்டினால் புல்லோடு மேல் மண்ணும் கிளம்பும். ஒரு மழையில் அது காணுக்குப் போய், காணிலிருந்து ஆற்றுக்குப் போய், மகாவலி நீர்த்தேக்கங்களில் மண்டுகிறது. மெசினால் வெட்டினால் வேர் நிற்கும், வேர் மண்ணைப் பிடித்திருக்கும், வெட்டிய புல் மேலே மூடாக்காகக் கிடக்கும். மலைநாட்டுக்கு இது தேவையான மெசின். தேவை இருக்கிற இடம் என்று தெரிந்துதான் இந்தத் தரத்தைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. இதை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சீட்டுக் காசிலோ நகை அடகு வைத்தோ வாங்குகிறார்கள்.

2024 ஜூலை 7

இது புதுச் செய்தி. மெசின் வாங்க நினைக்கிறவர்கள் நின்று வாசியுங்கள்.

கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் கியரைக் காட்டப் போயிருந்தேன். அவர் கியரைப் பார்க்கவில்லை. மெசினைச் சாய்த்து, சிலிண்டர் அடியில் வார்ப்பிலேயே வந்திருக்கும் எழுத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். 1ஈ40எப்-5. "இது 52 இல்ல மல்லி (தம்பி), 43" என்றார்.

முதலில் இருக்கும் 1 என்பது ஒரு சிலிண்டர். ஈ என்றால் டூ ஸ்ட்ரோக். 40 என்பது சிலிண்டரின் உள் குறுக்களவு, மில்லிமீட்டரில். எப் என்றால் காற்றால் குளிரும் என்ஜின். சீனாவில் செய்கிற சின்ன என்ஜின்களுக்கு இப்படித்தான் குறியீடு போடுகிறார்கள். உண்மையான 52 சிசி என்றால் அந்த இடத்தில் 44 இருக்க வேண்டும்.

எங்கள் என்ஜினைத் திறந்தால் இருக்கிற வொரண்டியும் போய்விடும். நல்லவேளை, அவரிடம் பிஸ்டன் பிடித்துப்போன இன்னொரு மெசின் பிரித்துக் கிடந்தது. அதே சிவப்பு டேங்கி, அதே 52 ஸ்டிக்கர், வார்ப்பில் அதே எழுத்து. அளவெடுக்கிற வேனியரைச் சிலிண்டர் வாய்க்குள் விரித்துப் பிடித்தார். 40 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம் 34 மில்லிமீட்டர்.

கணக்குப் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆரை 2 சென்டிமீட்டர். இரண்டை இரண்டால் பெருக்கி, அதை 3.14ஆல் பெருக்கி, ஓட்டம் 3.4ஆல் பெருக்கினால் 42.7 கன சென்டிமீட்டர். குறுக்களவு 44 ஆக இருந்தால்தான் இதே ஓட்டத்துக்கு 51.7 வரும். சிசி என்பது இந்தக் கன அளவுதான், வேறு எந்த மாயமும் இல்லை. டேங்கியில் 52 என்று ஒட்டினால் சிலிண்டர் பெரிதாகிவிடாது.

மானாப் புல்லில் ஏன் அமுங்கியது என்பதற்கு ஜூன் 12 குறிப்பில் உயரத்தைச் சொல்லியிருந்தேன். அது இப்போதும் உண்மை. 43 சிசி மெசின் அந்த ஆறில் ஒரு பங்கையும் இழந்தால் கடலோரத்து 36 சிசி மெசின் அளவுக்குத்தான் இழுக்கும். நாங்கள் 52க்குக் காசு கொடுத்திருக்கிறோம்.

2024 ஜூலை 8

நேற்று எழுதியதற்குக் கோபமாகச் சில பதில்கள் வந்திருக்கின்றன. 43 சிசி மெசின் மோசம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. நன்றாகச் செய்த 43 வரம்புக்கும் ரோட்டோரத்துக்கும் தாராளமாகப் போதும், தோளுக்கும் பாரம் குறைவு. 35.8 சிசி ஹொண்டா ஜிஎக்ஸ்35 நாள் முழுக்க ஓடுகிறதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது போர் ஸ்ட்ரோக், ஒயில் கலக்கிற வேலையும் இல்லை. அந்தக் கம்பனி 35.8 என்றுதான் எழுதுகிறது, 50 என்று எழுதவில்லை. என் குறை பொய் எண்ணைப் பற்றி.

எல்லாச் சீன மெசினும் இப்படி என்பதும் சரியில்லை. வார்ப்பில் 44 உள்ளவையும் சந்தையில் இருக்கின்றன. அதே பாஸிடம் ஒன்றைப் பார்த்தேன்.

2024 ஜூலை 21

டொரொன்டோவில் இருக்கிற மச்சான் இதை வாசித்துவிட்டு போன் எடுத்தார். அவருக்கும் இதே கதை, மெசின்தான் வேறு. அங்கே வீட்டு வாசலில் விழுகிற பனியை அள்ளித் தூரத்துக்கு வீசுகிற மெசின் ஒன்றைப் போன மாரிக்கு முன் புதிதாக எடுத்திருக்கிறார். முதல் பெரிய பனியிலேயே முன் திருகின் கியர்ப் பெட்டி உடைந்துவிட்டது.

அவர் சொன்னதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. பனியை அள்ளுகிற அந்தத் திருகையும் தண்டையும் இணைக்க மிருதுவான ஓர் ஆணி போடுவார்களாம். இறுகிய ஐஸ் கட்டியோ பேப்பர் கட்டோ மாட்டினால் அந்த ஆணி முறிந்துவிடும். முறிவதற்காகவே செய்த ஆணி. சில்லறை விலையில் ஆணி போகும், பெரிய விலைக் கியர் தப்பும். அவருடைய மெசினில் பூட்டி அனுப்பியவர்கள் அந்த இடத்தில் சாதாரண இரும்பு ஆணியைப் போட்டிருந்தார்கள். ஆணி முறியவில்லை, கியர் முறிந்தது.

எங்கள் மெசினில் அப்படி ஓர் ஆணி இல்லை. கிளட்ச்தான் அந்த வேலையைச் செய்கிறது. என்ஜின் வேகம் ஏறும்போது இரண்டு கட்டைகள் வெளிப்பக்கம் விரிந்து டிரம்மைப் பிடிக்கும், பிளேட் கல்லில் மாட்டினால் கொஞ்சம் வழுக்கி விட்டுக்கொடுக்கும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் உங்கள் மெசினில் பிளேட் சுற்றிக்கொண்டே இருந்தால் ஐட்லிங்கைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கும். அந்த மெசினோடு சரிவில் நடக்க வேண்டாம். ஒரு சறுக்கலில் கால் போய்விடும்.

மச்சானுக்குக் கடையில் புதுப் பெட்டி மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பில்லையும் போட்டோவையும் எழுத்தில் அனுப்பினாராம். "நீங்க ஏன் எழுத்தில குடுக்கல?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை அடுத்த வேலைக்குத் தள்ளியது.

2024 ஆகஸ்ட் 4

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதி, நேற்றுப் பதிவுத் தபாலில் போட்டாயிற்று.

2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம். அதில் 30ஆம், 31ஆம் பிரிவுகள் மக்களைத் தவறாக வழிநடத்தி விற்பதையும் பொய்யான விவரம் சொல்லி விற்பதையும் தடுக்கின்றன. 52 ஸ்டிக்கர் இதற்குள் நேராக வருகிறது என்பது என் எண்ணம். முக்கியமானது காலக்கெடு. பொருள் வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். எங்களுக்கு ஆகஸ்ட் 11. கடைக்காரர் "அடுத்த கிழமை பார்ப்போம், மாதக் கடைசியில் பார்ப்போம்" என்று சொல்லச் சொல்ல இந்த நாட்கள்தான் கரைகின்றன. 1977 என்ற இலக்கத்துக்கு அடித்தால் விவரம் கேட்கலாம். கேட்டதோடு நிறுத்தாமல் கடிதமும் போடுங்கள்.

இதை விடப் பழைய சட்டம் ஒன்றும் இருக்கிறது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். ஒரு விவரத்தைச் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும், அந்தப் பொருளை வியாபாரமாக விற்கிறவர் விற்கத்தக்க தரத்தில் கொடுக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. கார்டில் என்ன சின்ன எழுத்து இருந்தாலும் அதைக் காட்டிப் பேசலாம் என்று சட்டம் படிக்கிற எங்கள் சித்தப்பா மகள் சொன்னாள். கடிதத்தைத் தமிழில் எழுதித் தந்ததும் அவள்தான்.

கடிதத்தோடு வைத்தவை: பில் கொப்பி, கார்டின் இரண்டு பக்கம், ஸ்டிக்கர் போட்டோ, வார்ப்பு எழுத்தின் போட்டோ, கியர்ப்பல் போட்டோ. பில்லில் "புல் வெட்டும் மெசின் 1" என்று மட்டும்தான் இருக்கிறது. மொடல் இலக்கமும் இல்லை, சிசியும் இல்லை. நல்லகாலம், கார்டில் கடை சீலுடன் 52 என்று எழுதியிருக்கிறார்கள்.

2024 ஆகஸ்ட் 25

முதலாளி அவராகவே போன் எடுத்தார். கடிதத்தின் பிரதி அவருக்கும் போயிருந்தது. புதுக் கியர்ப் பெட்டி, கிளட்ச், கைப்பிடிப் பிடி எல்லாம் காசு வாங்காமல் மாற்றித் தருகிறேன் என்றார். மெசினைத் திருப்பி எடுக்க முடியாது, 52 ஸ்டிக்கர் தான் ஒட்டியதில்லை, இறக்குமதியாளரிடமிருந்து வரும்போதே அப்படித்தான் வருகிறது என்றார். அந்தக் கடைசி விஷயத்தில் அவரை நான் நம்புகிறேன்.

வீட்டில் இதற்கு ஒரு பெரிய பேச்சு நடந்தது. அண்ணனுக்கு வேலை ஓடினால் போதும், வாடகை மெசினுக்குக் காசு போய்க்கொண்டே இருக்கிறது. அம்மாவுக்குச் சம்மதமில்லை. "அம்பத்திரண்டுன்னு சொல்லி நாப்பத்திமூணு குடுத்தது கியரு மாத்துனா சரியாயிடுமா?" இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே பட்டது. கடைசியில் பாகங்களை வாங்கிக்கொண்டோம், முறைப்பாட்டை வாபஸ் வாங்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது என்று சட்டம் படிக்கிற அந்தத் தங்கச்சி எழுத்தில் போட்டு முதலாளியிடம் கையெழுத்து வாங்கித் தந்தாள்.

புதுப் பெட்டியைப் பூட்டுவதற்கு முன் திறந்து பார்த்தேன். இதிலும் கிறீஸ் அரைகுறைதான். லிதியம் கிறீஸ் நிரப்பி, கையால் சுற்றிப் பல் முழு அகலத்தில் படுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பூட்டினோம். கைப்பிடி ஆணிகளுக்கு அடியில் ஸ்பிரிங் வொசர் போட்டோம். புரி போன துளைக்கு ஒரு அளவு பெரிய புரி வெட்டிக் கொடுத்தார் பாஸ். காசு வாங்க மறுத்துவிட்டார், பால் தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

2024 செப்டெம்பர் 15

மெசின் ஓடுகிறது. கியர்ப் பெட்டி இளஞ்சூட்டோடு நிற்கிறது. மானாவில் அடியில் வைக்காமல் மேலிருந்து இரண்டு தட்டாக வெட்டினால் அமுங்கவில்லை. வேலை மெதுவாகத்தான் போகிறது, 52 இருந்தால் ஒரே தட்டில் போயிருக்கும்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே என்ன பார்க்கலாம் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். முதலில் ஸ்டிக்கரை மறந்துவிட்டுச் சிலிண்டர் அடி எழுத்தைத் தேடுங்கள். போன் வெளிச்சம் போதும். அப்புறம் பிளேட் பூட்டுகிற தட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கவே கூடாது. கியர்ப் பெட்டியின் பக்கத்து ஆணியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், துளையில் கிறீஸ் தெரிய வேண்டும். நல்ல மெசினை வைத்திருக்கிறவர் கழற்றிக் காட்டத் தயங்க மாட்டார். கைப்பிடி ஆணி அலுமினியத்துக்குள் நேராகப் போகிறதா, மறுபக்கம் இரும்பு நட் இருக்கிறதா என்று பாருங்கள். நட் இருந்தால் புரி போனாலும் மாற்றலாம். பெயாரிங், கியர்ப் பெட்டி, காபரேட்டர் டயபிரம் இந்த மூன்றும் அந்த டவுனிலேயே கிடைக்கிறதா என்று கேட்டு வையுங்கள். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும் என்றால் மழைக்காலத்தில் வேலை போய்விடும்.

பில்லில் மொடலும் சிசியும் எழுதாமல் காசை எடுத்து நீட்டாதீர்கள். அம்மா இப்போது கறிச்சட்டி வாங்கினாலும் பில்லில் அளவு எழுதச் சொல்கிறார்.

மெசினோடு வருகிற பிளாஸ்டிக் காப்புத் தட்டைக் கழற்றிவிட்டு வெட்டுகிறவர்களை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கிறேன். புல் அடைக்கிறது என்று காரணம் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கல் தெறித்தால் துவக்குச் சூடு மாதிரி வரும். 15 மீட்டருக்குள் ஆள் நிற்கக் கூடாது என்று மெசினிலேயே படம் போட்டிருக்கிறது. லயத்து வாசலில் வெட்டும்போது பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு ஸ்டார்ட் கயிற்றை இழுங்கள்.

2024 செப்டெம்பர் 22

மஸ்கெலியா அக்கா கேட்டதற்கு: வீட்டைச் சுற்றியும் சின்ன மரக்கறிப் பாத்தி வரம்பும்தான் என்றால் உங்களுக்கு 43 போதும், 43 என்றே எழுதி விற்கிற மெசினாக எடுங்கள். மகன் கொந்தரப்புக்கும் போகிறார் என்றால் போர் ஸ்ட்ரோக் பாருங்கள். விலை கூட, பெற்றோல் குறைவு, புகை இல்லை. சரிவில் அதிகம் சாய்த்துப் பிடிப்பதால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒயில் போகிற வகையா என்று கேளுங்கள், எல்லாப் போர் ஸ்ட்ரோக்கும் அப்படி இல்லை. தோள் பெல்ட் இரண்டு தோளுக்கும் வருகிறதாக இருக்கட்டும். ஒற்றைப் பெல்ட்டோடு நாள் முழுக்க நின்றால் இடுப்பு போய்விடும், அண்ணனுக்கு இப்போது அதுதான் வைத்தியம் நடக்கிறது.

முறைப்பாட்டுக்கு விசாரணைக் கடிதம் வந்திருக்கிறது. ஸ்டிக்கர் விஷயத்தில் இறக்குமதியாளரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் அம்மாவும் போகிறோம், வேனியர் அளவுக்குச் சாட்சி சொல்ல பாஸும் வருகிறேன் என்றிருக்கிறார். இதே சிவப்பு டேங்கி, 52 ஸ்டிக்கர், வார்ப்பில் 40 உள்ள மெசின் வேறு யாரிடமாவது இருந்தால் இரண்டு போட்டோவையும் பில்லையும் அனுப்புங்கள். சேர்த்துக் கொண்டுபோகிறோம்.